நகராத சைக்கிள்

என் அக்கா வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனால் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு வரும். உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி, என் அக்கா. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு கேட்கும். வீட்டில் அதே வாயால் என்னைத் திட்டும்போது அந்தக் கனிவெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கூண்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மைக்கில் சொந்த விஷயம் பேசக் கூடாது. தும்மல் வந்தால்கூடப் பொத்தானை அணைத்துவிட்டுத்தான் தும்ம வேண்டும். வண்டி வரும், போகும், தாமதமாகும். அதைச் சொல்கிறவள் அந்தக் கதையிலேயே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அக்கா அந்தச் சட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தாள். ஒரே ஒரு தடவைதான் தவறியது. அப்போதும் அவள் பேசவில்லை, அவள் மூச்சு பேசிவிட்டது.

டீ குடிக்கக் கீழே இறங்கியவள், கடைக்காரரோடு பேச்சு சுவாரஸ்யத்தில் நேரத்தைக் கோட்டைவிட்டாள். ஐந்தாம் நடைமேடை வண்டி கிளம்பப் போகிறது. விழுந்தடித்துப் படியேறி மைக்கைப் பிடித்தால், மூச்சு வாங்குகிறது. "பயணிகளின்... ஹா... ஐந்தாம்... ஹா... நடைமேடையில்... உடனடியாக..." என்று நிலையம் முழுக்க ஒலிபெருக்கிகள் இரைத்தன. ஐந்தாம் நடைமேடையில் ஏதோ வெடிக்கப் போகிறது என்று எடுத்துக்கொண்டார்கள் ஜனங்கள். பாதிப் பேர் அங்கிருந்து ஓட, விஷயம் புரியாத மீதிப் பேர் அங்கே ஓட, ஒரு பெரியவர் பூனைக் கூடையோடு விசாரணை அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். நிலைய மேலாளர் அக்காவைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். திட்டியிருந்தால் தேவலை என்று அன்று சாயங்காலம் நான் துணி வெட்டும் மேசை மேல் உட்கார்ந்துகொண்டு புலம்பித் தள்ளினாள்.

நாங்கள் இருப்பது ஒரே கட்டடம். கீழ் வீட்டில் நான், துணி தைக்கிறேன். மேல் வீட்டில் அக்காவும் மாமாவும். மாமா தபால்காரர். அவர் சைக்கிள் ஓட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும், அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். ஒரு வாசலில் வந்து, காலைக் கீழே ஊன்றாமல் அப்படியே நின்று, தபாலைப் பெட்டியில் போட்டு, அந்த வீட்டு நாயை நலம் விசாரித்துவிட்டு மறுபடி நகர்வார். தபால் துறை விளையாட்டு விழாவில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் பந்தயம் என்று ஒன்று உண்டு, கடைசியில் வருகிறவருக்குத்தான் கோப்பை. மாமா வீட்டு அலமாரியில் இடம் போதாமல் இரண்டு கோப்பைகள் என் வீட்டுக்கு வந்து, நான் அவற்றில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன். பேச்சும் அதே வேகம்தான். ஆனால் சின்ன மேடு ஒன்று வந்தால் போதும், இறங்கித் தள்ளுவார். முழங்கால் ஒத்துழைக்காது.

அக்காவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் மாமா சொல்லிக்கொடுக்கப் பார்த்தாராம். பத்தடி போனதும் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

இந்த லட்சணத்தில்தான் எதிர் வீட்டுப் பல் மருத்துவர் வீடு மாறினார். லாரியில் இடமில்லாமல் போக, ஒரு கியர் சைக்கிளையும் ஒரு இரும்பு ஸ்டாண்டையும் அக்கா தலையில் கட்டிவிட்டார். டர்போ ட்ரெய்னர் என்று அதற்குப் பெயர். சைக்கிளின் பின்சக்கர அச்சை இரண்டு பக்கமும் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தை ஒட்டி ஓர் உருளை, டயரை அழுத்திக்கொண்டு சுழலும். மிதித்தால் சக்கரம் சுற்றும், சைக்கிள் மட்டும் நகராது. மழை வெயில் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகலாம். மூச்சுக்கு ரொம்ப நல்லது என்று அவர் சொன்னது அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது.

"இதுல விழ மாட்டோமா?" என்று மட்டும் கேட்டாளாம்.

"நீங்களே நினைச்சாலும் விழ முடியாதும்மா" என்றாராம் டாக்டர். எங்கள் கஷ்டகாலம் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் நான் ஒரு மேல்சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மேலே முதலில் ஓர் உறுமல் கேட்டது. பிறகு கிரீச் என்று ஒரு சத்தம். என் மேசையில் இருந்த குண்டூசி டப்பா தன் பாட்டுக்கு நடந்து போக ஆரம்பித்தது. மின்விசிறி கொக்கியில் நடுங்கியது. அடுத்து ரப்பர் கருகுகிற வாடை. வீடு பற்றிக்கொண்டது என்று முடிவுகட்டி ஒரு வாளித் தண்ணீரோடு மாடிக்கு ஓடினேன்.

அங்கே, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலை எல்லாம் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, அக்கா சைக்கிள் மேல் உட்கார்ந்து வெறி பிடித்தவளாக மிதித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, வியர்வை சொட்டி, தரையில் குளம் கட்டியிருந்தது. மாமா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உருளையைப் போதுமான அளவு இறுக்காததால் டயர் வழுக்கி வழுக்கித் தேய்ந்ததுதான் வாடைக்குக் காரணம். மாமா இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். அவர் வாக்கியம் முடிவதற்குள் நான் வாளியோடு வந்துவிட்டேன். அக்கா இறங்கித் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். மிதித்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. வாளித் தண்ணீர் வீண் போகவில்லை.

அதற்குப் பிறகு அது எங்கள் மூவருக்குமான குடும்ப வேலையாகிவிட்டது. மாமா டயருக்குக் காற்றடித்து, வழுக்காத அளவுக்கு உருளையைத் திருகி இறுக்கினார். முன்சக்கரம் தாழ்ந்திருந்ததால் கிணற்றுக்குள் குனிகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா முனகினாள், அதற்கு அடியில் ஒரு கட்டையை வைத்தோம். சோபா உறை தைத்தபோது மீந்த தடித்த ரப்பர் விரிப்பை நான் கொடுத்தேன். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம், என் குண்டூசிகள் இருந்த இடத்தில் இருக்க வேண்டுமே. ஜன்னலைத் திறந்துவிட்டோம். எதிரே ஒரு மேசை விசிறி வைக்க உயரமான இடம் வேண்டும் என்றாள். நான் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து என் இஸ்திரி மேசையை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கைப்பிடிக்கு முன்னால் குறுக்கே அளவெடுத்த மாதிரி நிற்கிறதாம். விசிறி, ஃபோன், தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாம் கைக்கு எட்டுகிறதாம். நான் போய்க் கத்தினேன். அவள் மிதித்துக்கொண்டே கனிவான கவனத்தோடு கேட்டாள். அன்றிலிருந்து நான் துணி தேய்ப்பது சாப்பாட்டு மேசையில்தான்.

அடுத்தது சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம். அந்த சைக்கிள் இருக்கை, உட்கார்வதற்காகச் செய்ததே இல்லை. முதல் வாரம் அக்கா பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே அறிவித்தாள். கேட்டவர்களிடம் மரியாதைக்காக நிற்கிறேன் என்றிருக்கிறாள். கடைசியில் என்னிடம் வந்தாள். ஒரு தலையணையிலிருந்து கொஞ்சம் ஸ்பாஞ்சை அறுத்து, உட்காரும் இடத்தில் வைத்து ஒரு கால்சட்டை தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தால், கால் மிதியை எட்டவில்லை, அவ்வளவு உயரம். மாமா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நாற்காலியின் ஒரு கால் கழன்றது. ஸ்பாஞ்சைப் பாதியாகச் சீவி மறுபடி தைத்தேன். அதன் பிறகு அவளை இறக்குவதுதான் கஷ்டமாகிவிட்டது.

ஃபோனில் ஒரு பயிற்சி வகுப்பைக் கண்டுபிடித்தாள். திரையில் மலைப்பாதை ஓடும், ஒரு பெண் குரல் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வரும். முதலில் மெதுவாக மிதித்து உடம்பைச் சூடாக்கு, இப்போது ஒரு கியர் கூட்டு, ஒரு நிமிடம் வேகமாக, ஒரு நிமிடம் நிதானமாக, முடிக்கும்போது சட்டென்று இறங்காதே என்று. நல்ல யோசனைகள்தான். ஆனால் அக்காவுக்கு அந்தக் குரலோடு தொழில் போட்டி வந்துவிட்டது.

"எங்க மூச்சு விடணும்னே தெரியலடி இவளுக்கு. வாக்கியத்துக்கு நடுவுல விடறா" என்று என்னிடம் நொட்டை சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் குரல் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தாள்.

பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் ஆரம்பத்தில் சரியான வேகம் என்றும் அந்தக் குரல் சொல்லியிருந்தது. அக்காவுக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதானே. என் தலைக்கு மேலே தினமும் பேருந்துகள் கிளம்ப ஆரம்பித்தன. முதலில் ஒவ்வொரு நடைமேடைக்கும் ஒரு ஹா. பிறகு இரண்டு நடைமேடைக்கு ஒரு ஹா. கொஞ்ச நாளில், ஒரே மூச்சில் ஒரு முழு அறிவிப்பு, வழியில் நிற்கும் ஊர்கள் உட்பட. திரையில் மேடு வந்தால் மாமா விசிறியை ஒன்றாம் நம்பரில் வைப்பார். இறக்கம் வந்தால் ஐந்துக்குத் திருப்புவார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்ட வேலை. ஐந்தில் வைத்ததும் மேலேயிருந்து ஒரு கூவல் கேட்கும் பாருங்கள், அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் இரும்புப் படியை அவள் இப்போது இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். டீக்கடைக்காரர் காரணம் கேட்க, சைக்கிள் ஓட்டறேன் என்றாள். நேற்று ஒரு மலை ஏறினேன் என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அவள் மனதார நம்பினாள். சேதி கடையிலிருந்து பணிமனைக்கும் பணிமனையிலிருந்து ஓட்டுநர்களுக்கும் பரவியது. அங்கேதான் வம்பு.

அவர்கள் நிலையத்தில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு ஓட்டுநர், நடத்துநர், பணிமனைக்காரர் எல்லோரும் சேர்ந்து சைக்கிளில் மலைமேல் நீர்த்தேக்கம் வரை போய் வருவார்கள். கூண்டிலிருந்து மைக்கில் அறிவித்து அவர்களை வழியனுப்புவது அக்கா. சாயங்காலம் நொண்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அவர்கள் திரும்பும்போது வரவேற்பதும் அவள்தான். நடுவில் அங்கே என்ன நடந்தது, எதற்காக அப்படிச் சிரிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. கேட்டால், அங்கே வந்து பார்த்தால்தான் தெரியும் என்பார்கள். வருஷா வருஷம் இதையே கேட்டு அவளுக்கு அந்த நீர்த்தேக்கத்தின் மேலேயே ஒரு கோபம்.

இந்த வருஷம், எல்லோரும் விசில் என்று கூப்பிடுகிற நடத்துநர் கூண்டுக்கு வந்து, இந்தத் தடவையும் நல்லபடியா அனுப்பி வைங்கக்கா என்று சொல்லியிருக்கிறார். நானும் வருகிறேன் என்றிருக்கிறாள் அக்கா. கீழே போய் அவர் சொன்னதும் பணிமனையே கைதட்டியதாம். அக்காவைத்தான் வரிசையில் முதல் ஆளாக விடுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். தரையில் கால் படவில்லை. எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். வேடிக்கை என்னவென்றால், எங்கள் இருவருக்குமே அந்த ஒரு விஷயம் நினைவுக்கு வரவில்லை. தினமும் அவள் மலை ஏறி இறங்குவதைக் கேட்டுக் கேட்டு, இவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று என் மூளையும் ஒப்புக்கொண்டுவிட்டது. மாமா மட்டும் தொண்டையைச் செருமினார். அவர் முதல் சொல்லைத் தேடி எடுப்பதற்குள் நாங்கள் அன்றைக்கு அவள் போட வேண்டிய மேல்சட்டையின் நிறத்துக்குப் போய்விட்டோம்.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு, சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்தோம். அக்கா துண்டைக் கைப்பிடியில் விரித்துப் போட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கம்பீரமாக ஏறி உட்கார்ந்து ஒரு காலை மிதியில் வைத்து, மற்ற காலையும் தூக்கினாள். சைக்கிள் அப்படியே அவளோடு பக்கவாட்டில் போய், யாருடைய பூந்தொட்டிகள் மேலேயோ படுத்துக்கொண்டது.

எழுந்து, தரையில் ஏதாவது வழுக்குகிறதா என்று குனிந்து பார்த்தாள். மறுபடி ஏறினாள். இந்தத் தடவை வலப்பக்கம்.

"ஏண்டி, இது சாயுது" என்றாள், சைக்கிள் மேல் புகார் கொடுக்கிற குரலில்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

"மேல ஒரு நாள்கூட சாயலையேடி" என்றாள். கையில் ஒட்டிய தொட்டி மண்ணைத் தட்டினாள். பிறகு சொன்னாள்: "எல்லாரும் போயிட்டு வருவாங்க. நான் திரும்பவும் கூண்டுக்குள்ள உக்காந்து, வாங்க வாங்கன்னு சொல்லணும்."

என் சிரிப்பு நின்றது. அவளுக்கு அந்தப் பயணம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. அவ்வளவு நாளும் என் குண்டூசிகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து முயற்சி செய்தோம். மாமா இருக்கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கூடவே ஓடினார். சிக்கல் என்னவென்றால், அக்காவின் காலுக்கு இப்போது அசுர பலம். ஒரு மிதி மிதித்தால் சைக்கிள் மாமா கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து குப்பைத் தொட்டிகளில் போய் முட்டும். மணிக்கட்டு ஒடிந்துவிடும் என்று பயந்து மூன்றாம் நாளோடு நிறுத்திவிட்டோம். சளி பிடித்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். அதற்கும் வழியில்லை, குரலை வைத்துப் பிழைக்கிறவள் சளியை எப்படி நடிப்பாள்? என் எதிரே இருமிக் காட்டினாள். இருமல்கூட அத்தனை தெளிவாக, கேட்க இனிமையாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மேலே சத்தமே இல்லை. என்னவோ ஏதோ என்று போய்ப் பார்த்தேன். சைக்கிள் மறுபடி ஸ்டாண்டில் ஏறியிருந்தது. அக்கா மிதிக்காமல் சும்மா அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். மாமா பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஸ்டாண்டு அச்சைப் பிடித்திருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்று, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"விழாம புடிச்சிக்கிறது இது. மிதிக்கிறது நீ. அவ்வளவுதான?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?" என்றாள் அக்கா எரிச்சலாக.

"உன் முன்சக்கரத்தக் கழட்டிட்டு, அதப் புடிச்சிருக்கிற ஃபோர்க்க என் சைக்கிளோட பின் அச்சுல மாட்டிட்டா, நீ விழ மாட்ட."

"ரோட்டுக்கு இந்த ஸ்டாண்டையும் தூக்கிட்டா போக முடியும்? அங்க யாருங்க புடிச்சிக்குவாங்க?"

மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"அந்த ஸ்டாண்டு நானா இருந்துட்டுப் போறேன்."

அக்கா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அன்று அவள் மிதிக்கவே இல்லை, துடைக்க வியர்வையும் இல்லை. எனக்கும் கண் கரித்தது. நான் இஸ்திரி மேசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் இரண்டு சைக்கிளும் பணிமனைக்குப் போயின. அங்கே வெல்டிங் வேலை பார்ப்பவரைப் பொறி என்று கூப்பிடுவார்கள். அக்கா அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். சிரிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவருக்குச் சிரிக்க நேரமில்லை, மாமா சொன்ன யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. மாமாவின் பின்சக்கரத்துக்கு நீளமான அச்சு ஒன்று போட்டு, இரண்டு தடித்த தகடுகளை வைத்து, அக்காவின் சைக்கிளை அதன் பின்னால் கோத்துவிட்டார். அக்கா பிடித்துக்கொள்ளக் கைப்பிடி அப்படியே இருந்தது, ஆனால் திருப்புவதெல்லாம் மாமா. நடுவில் மூட்டு வைத்த நீளமான பேருந்து ஓடுமே, அதேதான். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்த ஓட்டுநர்கள் அதைப் பார்த்தார்கள். நமக்கு ஒரு தொடர் வண்டி வந்துவிட்டது என்று குதித்தார்கள். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது என்பது அந்தக் கும்மாளத்தில் ஒரு விஷயமாகவே யாருக்கும் படவில்லை.

பணிமனை முற்றத்தில் முதல் சுற்றில் அக்கா தோளை ஆட்டி ஆட்டி மிதிக்க, வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. மாமா நிறுத்தினார். மாடியில் எப்படி உட்கார்வாளோ அப்படியே உட்காரச் சொன்னார். சாய்வது, திரும்புவது, விழுவது எதையும் அவள் நினைக்கக் கூடாது, அதெல்லாம் ஸ்டாண்டின் பாடு. அக்கா கைப்பிடியில் துண்டைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். மிதித்தாள். வண்டி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கம்போல் கூண்டுக்கு ஏறி, புறப்பாட்டை அறிவித்தாள். முறைக்கு வந்திருந்த பெண்ணிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, படி இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வரிசையில் முதல் வண்டி அவர்களுடையது. நானும் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு ஓட்டத் தெரியும் அல்லவா, அந்தத் திமிர். சமதளம் முழுக்க அவர்களைத் தாண்டி, திரும்பிப் பார்த்துக் கையாட்டி, பெரிய ஆள் மாதிரி போனேன்.

மலைப்பாதை ஆரம்பித்தது. முதல் வளைவிலேயே என் தொடை கெஞ்சியது. இரண்டாவதில் இறங்கித் தள்ளினேன். பாதி மேட்டில் விசிலும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் தபால்காரர் மணி கேட்டது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். மாமா முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கால் இரண்டும் மிதி மேல் சும்மா இருக்கிறது, முழங்காலுக்கு முழு ஓய்வு. பின்னால் என் அக்கா தன்னந்தனியாக இரண்டு பேரையும் இரண்டு சைக்கிளையும் மேட்டில் தள்ளிக்கொண்டு வருகிறாள். வேகம் ஒரு மனிதன் நடக்கிற வேகம்தான். அந்த வேகத்தில் அவ்வளவு நீள வண்டியை ஆடாமல் நிமிர்த்தி வைக்க வேறு யாராலும் முடிந்திருக்காது. கோப்பை கோப்பையாக வாங்கினாரே, அத்தனையும் இந்த மேட்டுக்காகத்தான் போலிருக்கிறது.

"பேசிக்கிட்டே மிதிக்க முடியணும்டி. அதுதான் சரியான வேகம்" என்று என்னைத் தாண்டும்போது அக்கா சொன்னாள். ஒரு ஹா கிடையாது. எனக்குத்தான் பதில் சொல்ல மூச்சில்லை.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் கரையில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர், காற்று, ஒரு துருப்பிடித்த கைப்பிடிக் கம்பி. ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வந்து, இதைப் பார்க்கவா இந்தப் பாடு என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்கச் சிரித்தார்கள். விசில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் சிரித்தார். அக்கா அவர்களைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்து பார்த்தால்தான் தெரியும் என்று அவர்கள் சொன்னது நிஜம்தான்.

இறங்குகிற நேரம் வந்தது. அறிவிப்பு இல்லாமல் எப்படி வண்டி எடுப்பது என்று விசில் கேட்டார். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அக்கா தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை வாய்க்கு நேரே பிடித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நீர்த்தேக்கத்திலிருந்து கீழே செல்லும் தொடர் வண்டி, புறப்படத் தயாராக உள்ளது."

அங்கே நிறுத்தினாள். அவ்வளவு மேட்டிலும் வாங்காத மூச்சு இப்போது வாங்கியது. மாமா திரும்பிப் பார்த்தார்.

"இந்த வண்டியில் நானும் போகிறேன்" என்றாள்.

வண்டி நகர்ந்தது. நான் அவர்களுக்குப் பின்னாலேயே விட்டேன். முதல் இறக்கத்தில் காற்று வந்து மோதியதும் அக்காவின் துண்டு பறந்து என் முகத்தில் விழுந்தது. அதை இழுத்து எறிந்துவிட்டுப் பார்க்கிறேன், அவள் முடி எல்லாம் அவிழ்ந்து நிற்கிறது. வாழ்நாளெல்லாம் மெதுவாகவே ஓட்டிய மாமா பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, தலையைக் கொஞ்சமாகத் திருப்பிச் சத்தமாகச் சொன்னார்:

"அஞ்சுல வச்சிருக்கேன். போதுமா?"

"இன்னும் வைங்க" என்று கத்தினாள் என் அக்கா.